கடலின் சத்தம் இல்லாத கடல் படங்கள்

வணக்கம் சார்,

சென்ற மாதம் 'தி எண்ட்லெஸ் சம்மர்' பார்த்தேன். 1966-இல் அமெரிக்காவெங்கும் வெளியான அலைச்சறுக்கு (சர்ஃபிங்) படம். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. ஆனால் அந்தத் தீம் இசை அன்றிலிருந்து காதைவிட்டுப் போகவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் அதுதான் ஓடுகிறது. நான் பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முந்தைய கலிஃபோர்னியாவை நினைத்து மனசு கிடந்து ஏங்குகிறது. கிடார் வாசிக்கும் நண்பனிடம் சொன்னேன். "நிஜமான சர்ஃப் இசை என்றால் டிக் டேல்தான், இது ஓட்டல் வரவேற்பறையில் போடுகிற இசை" என்று முடித்துவிட்டான். அது அவ்வளவு சாதாரணமான இசையா? வாழாத ஒரு காலத்துக்காக ஏங்குவது போலியா?

க.

அன்புள்ள க.,

டிக் டேல் பெரிய கிடார் கலைஞர், அதில் உங்கள் நண்பரோடு எனக்குச் சண்டை இல்லை. அவரே அலைச்சறுக்குகிறவர். 1961-இல் கலிஃபோர்னியாவில் பால்போவாவின் ரான்டேவூ பால்ரூமில் அவர் வாசித்த இரவுகளில் கூட்டம் நெரியும். அவர் அடிக்கும் அடிக்கு அன்றிருந்த ஆம்ப்ளிஃபயர்கள் தாங்காமல் புகைந்துபோக, கிடாரும் ஆம்ப்ளிஃபயரும் செய்கிற லியோ ஃபெண்டர் அவரை வைத்துச் சோதித்துச் சோதித்தே பெரிய ஆம்ப்ளிஃபயர்களைச் செய்தார். அவர் வாசித்துப் பெயர் வாங்கிய 'மிஸிர்லூ' கிழக்கு மத்தியதரைக்கடல் பக்கத்துப் பழைய மெட்டு. டேலின் அப்பா வழி லெபனான். அந்த மெட்டை ஒரே தந்தியில் படபடவென்று அவர் இழுத்துக்கொண்டு போகும்போது, தலைக்கு மேல் அலை உடையப்போகிற பயம் நிஜமாகவே வருகிறது.

ஆனால் அலைச்சறுக்குக்காரர்கள் தங்களுக்காக எடுத்துக்கொண்ட படங்களின் இசைக்கு வேறொரு பிறப்பு இருக்கிறது. நண்பர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

1953-இல் பட் பிரவுன் என்பவர் தான் ஹவாயில் எடுத்த படத்தைச் சான்டா மோனிகாவில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் போட்டுக் காட்டினார். இந்த வகைப் படங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அப்போதைய ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். 16 மி.மீ. கேமரா. படம்தான் பதிவாகும், சத்தம் பதிவாகாது. எடுத்தவரே ஊர் ஊராகப் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போவார், போஸ்டர் ஒட்டுவார், டிக்கெட் கிழிப்பார். விளக்கு அணைந்ததும் மைக்கைப் பிடித்துப் படத்துக்குக் கதை சொல்வார். பின்னால் இசை ஓடும். எதிரே விசிலடித்து, தரையை மிதித்துக் கூச்சல் போடும் பையன்கள் கூட்டம்.

'எண்ட்லெஸ் சம்மர்' எடுத்த புரூஸ் பிரவுன் இந்த வழியில் வளர்ந்தவர். (பட் பிரவுனுக்கும் இவருக்கும் உறவு கிடையாது.) 1958-இல் தன் முதல் படத்துக்கு அவர் தேடிப் போனது பட் ஷாங்க் என்ற ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞரை. மின்கிடார் அலறல் சர்ஃப் இசை என்று பெயர் வாங்குவதற்கு முன்பே, அலைகளுக்குக் கீழே ஜாஸ் ஓடிக்கொண்டிருந்தது.

அது ஏன் மென்மையாக இருந்தது? இசைக்கு அங்கே இரண்டு வேலை. பேசுகிற குரலுக்கு அது இடம் விட வேண்டும். அதோடு, படத்தில் கடலின் சத்தமே இல்லையே, அந்த இடத்தையும் அதுதான் நிரப்ப வேண்டும். என்னைக் கேட்டால், உங்களைப் பிடித்து உலுக்குவது இந்த இரண்டாவது வேலைதான். அலை இரைவதை நீங்கள் கேட்கவில்லை. இரைச்சல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெட்டு இருக்கிறது. ஆபத்தான ஒரு காரியத்தை அது கனவாக்கிவிடுகிறது.

அந்தத் தீமை ஹெட்ஃபோனில் ஒருமுறை தனியாகக் கேளுங்கள். வாசித்தவர்கள் சான்டல்ஸ். சான் கிளெமென்டேவைச் சேர்ந்த பையன்கள்; அதில் இருவர் பெல்ஜியத்திலிருந்து குடியேறிய குடும்பத்துச் சகோதரர்கள். கிடார் பின்னால் நின்று தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. மெட்டைச் சொல்வது மெலோடிகா, வாயால் ஊதிக்கொண்டே கட்டைகளை அழுத்துகிற சின்ன வாத்தியம். ஊதுகிறவரின் மூச்சு ஒவ்வொரு அடியின் முடிவிலும் கொஞ்சம் தளர்கிறது. அந்தத் தளர்ச்சிதான் மாலை வெயிலில் கறுத்துத் தெரியும் உருவங்களோடு ஒட்டிக்கொள்கிறது.  

அப்புறம் தென்னாப்பிரிக்காவின் கேப் செயின்ட் ஃபிரான்சிஸ் காட்சி. படத்தில் கோடையைத் துரத்தி உலகம் சுற்றுகிற இளைஞர்கள் மைக் ஹின்சனும் ராபர்ட் ஆகஸ்டும் பலகைகளைச் சுமந்துகொண்டு மணல்மேடுகளில் ஏறி இறங்கி வருகிறார்கள். எதிரே பிரம்மாண்டம் எதுவும் இல்லை, சின்ன அலைதான். ஆனால் வலப்பக்கமாக, யாரோ அளந்து மடித்ததுபோல, உடைந்துகொண்டே போகிறது, முடியவே மாட்டேன் என்கிறது. சாவி கொடுத்து ஓட்டுகிற கேமராவுக்கு ஒரு சாவிக்கு அரை நிமிடம்கூட ஓட்டம் கிடையாது. அலை கேமராவைவிட நீளமாக ஓடுகிறது. இதற்கு மேல் டிக் டேலின் கிடாரைப் போட்டிருந்தால் இரண்டும் கெட்டிருக்கும்.

அந்த அலை இன்று படத்தில் இருப்பதுபோல் உடைவது அபூர்வம். மணல்மேடுகளில் செடி நட்டு மணலை நிறுத்தினார்கள், வீடுகள் வந்தன, அலைக்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்த மணல் கடலுக்குப் போவது குறைந்துவிட்டது. படத்திலேயே அது அதிர்ஷ்டமான ஒரு நாள்தான்.

இனி உங்கள் ஏக்கத்துக்கு வருகிறேன். படத்தை வாங்க எந்த விநியோகஸ்தரும் முன்வரவில்லை. கடலோர ஊர்களைத் தாண்டினால் யார் பார்ப்பார்கள் என்றார்கள். புரூஸ் பிரவுன் என்ன செய்தார் தெரியுமா? கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவுக்குக் கொண்டுபோனார். எந்தக் கடலும் எட்டாத நடு அமெரிக்கா, நல்ல பனிக்காலம். இரண்டு வாரம் வரிசையில் நின்று பார்த்தார்கள். அந்தத் தெம்பில் நியூயார்க்கில் ஒரு தியேட்டரில் போட்டார், அங்கே ஒரு வருடத்தை நெருங்கி ஓடியது. ஆக, இந்தப் படத்தை ஓடவைத்தவர்களில் பெரும்பகுதி அலையில் கால் வைக்காதவர்கள். நீங்கள் அவர்களோடுதான் வரிசையில் நிற்கிறீர்கள். உங்களுடையது போலி என்றால் அவர்களுடையதும் போலி. நான் அப்படி நினைக்கவில்லை. வேலை, குளிர், பில் எதுவும் துரத்தாத ஒரு கோடையை யார்தான் வாழ்ந்திருக்கிறார்கள்? அலைச்சறுக்குகிறவர்களுக்கே அந்தக் காலம் சட்டென்று முடிந்துவிட்டது. 1967 வாக்கில் குட்டைப் பலகைகள் வந்தன, படத்தில் இருக்கும் நீளமான கனத்த பலகைகள் ஓரிரு வருடத்தில் பழசாகிவிட்டன.

ஆனால் அந்தக் காலம் எல்லோருக்கும் இனித்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கானாவில் மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றி வர்ணனை பேசுகிற தொனி எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவர்கள் போன தென்னாப்பிரிக்காவில் கடற்கரைகளைக்கூட நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தார்கள். படம் அங்கே நின்று யோசிப்பதில்லை. மெட்டு நன்றாக இருப்பதால் நாமும் அதோடு நகர்ந்துவிடுகிறோம்.

அடுத்து என்ன பார்க்கலாம்? 1972-இல் வந்த ஆஸ்திரேலியப் படம் 'மார்னிங் ஆஃப் தி எர்த்'. இயக்கியவர் ஆல்பர்ட் ஃபால்ஸன். வர்ணனையே கிடையாது, பேச வேண்டியதைப் பாடல்களே பேசுகின்றன. பாலித் தீவின் உளுவாட்டு அலையை உலகத்துக்குக் காட்டியது இந்தப் படம். இசை ஆல்பம் ஆஸ்திரேலியாவில் கோல்டு ரெக்கார்டு வாங்கியது. அடுத்த வருடம் 'கிரிஸ்டல் வாயேஜர்'. அலைச்சறுக்குக்காரர் ஜார்ஜ் கிரீனோ தண்ணீர் புகாத பெட்டியில் கேமராவை முதுகில் கட்டிக்கொண்டு அலையின் குழலுக்குள்ளேயே போய்விடுகிறார். கடைசி இருபது நிமிடத்துக்கும் மேலே பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் 'எக்கோஸ்' இசை தவிர வேறெதுவும் இல்லை. அதை மட்டும் போனில் பார்க்காதீர்கள். பெரிய திரை, நல்ல ஸ்பீக்கர் உள்ள வீடு யாருடையதோ பார்த்துக்கொள்ளுங்கள். கிடார் நண்பரையும் அழைத்துப் போங்கள், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.