நான்கு பெல்ட்டும் ஒரே இடுப்பில்: குத்துச்சண்டை கேள்வி பதில்

நான் கையுறை மாட்டியவன் இல்லை. முப்பது வருடமாக விடியற்காலையில் எழுந்து சண்டை பார்ப்பவன். அந்தத் தகுதியில்தான் இந்தப் பதில்கள்.

கேள்வி: ஐயா, ஒரே எடைப் பிரிவில் நாலு பேர் தங்களை உலக சாம்பியன் என்கிறார்கள். இதில் ‘அன்டிஸ்பியூட்டட்’ என்பவர் யார்?

தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு ஒரே தலைமை அமைப்பு கிடையாது. பட்டமும் அதன் அடையாளமான பெல்ட்டும் தருபவை நான்கு. 1921-ல் வேறு பெயரில் அமெரிக்காவில் தொடங்கி 1962-ல் பெயர் மாற்றிக்கொண்ட டபிள்யூ.பி.ஏ., 1963-ல் மெக்சிகோவில் பிறந்த டபிள்யூ.பி.சி., 1983-ல் வந்த ஐ.பி.எஃப்., 1988-ல் வந்த டபிள்யூ.பி.ஓ. ஆண்களுக்கு 17 எடைப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் நான்கு சிம்மாசனங்கள். நான்கிலும் ஒருவரே அமர்ந்தால் அவர்தான் நீங்கள் கேட்டவர். தமிழில் தனிப்பெரும் சாம்பியன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டோ மூன்றோ பெல்ட் வைத்திருப்பவர் ‘யூனிஃபைட்’. பாதி வழி வந்தவர்.

கேள்வி: மைக் டைசனிடம் மூன்று பெல்ட்தானே இருந்தன? அவரை அப்படிச் சொல்லக் கூடாதா அண்ணா?

தாராளமாகச் சொல்லலாம். 1987 ஆகஸ்டில் டோனி டக்கரை வென்று மூன்றாவது பெல்ட்டை அவர் எடுத்தபோது நான்காவது அமைப்பே பிறக்கவில்லை. பிறந்த பிறகும் பல வருடம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நான்கையும் ஒன்றாகக் கட்டிய முதல் ஆண் பெர்னார்ட் ஹாப்கின்ஸ். 2004 செப்டம்பரில் ஆஸ்கர் டி லா ஹோயாவை ஒன்பதாம் சுற்றில் வீழ்த்தியபோது.

டைசன் கதையில் ஒரு முடிச்சு உண்டு. மூன்று பெல்ட்டும் இருந்தும் ‘உண்மையான சாம்பியன் மைக்கேல் ஸ்பிங்க்ஸ்தான்’ என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அதற்கு முன் சாம்பியனாக இருந்த லாரி ஹோம்ஸை வென்றவர் ஸ்பிங்க்ஸ். பட்டம் பறிபோனதே தவிர, அவர் யாரிடமும் தோற்கவில்லை. ராஜாவைத் தோற்கடித்தவனே ராஜா என்ற கணக்கு இது; ‘லீனியல்’ என்பார்கள். 1988 ஜூனில் டைசன் அந்த வாதத்தை 91 வினாடிகளில் முடித்துவைத்தார்.

கேள்வி: உசிக் நான்கையும் வென்ற சில வாரங்களிலேயே ஒன்று போய்விட்டதே. தோற்கவே இல்லையே, எப்படி?

எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயத்தைத் தொட்டுவிட்டீர்கள்.

2024 மே 18, ரியாத். ஹெவிவெயிட்டில் நான்கு பெல்ட்டுக்காகவும் உக்ரைனின் உசிக்கும் பிரிட்டனின் டைசன் ஃபியூரியும் மோதினார்கள். ஒன்பதாம் சுற்றில் ஃபியூரி வாங்கிய இடது கைக் குத்துகளில் கால் தடுமாறி, ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்கு உருண்டார். கயிறுதான் அவரைத் தாங்கி நின்றது. நடுவர் உள்ளே புகுந்து, அவர் விழுந்ததாகவே கணக்கிட்டு எண்ணத் தொடங்கினார். சிலர் ‘சண்டையையே நிறுத்தியிருக்கலாம்’ என்றார்கள், சிலர் ‘ஏன் எண்ணினார்’ என்றார்கள். ஆனால் அந்த எண்ணிக்கையால் ஃபியூரி இழந்த ஒரு புள்ளிதான் எல்லாம். மூன்று நீதிபதிகளின் கணக்கு: 115-112 உசிக், 114-113 ஃபியூரி, 114-113 உசிக். அந்தப் புள்ளியை ஃபியூரிக்குத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். கடைசி அட்டை சமன், சண்டையே டிரா.

இவ்வளவு நூலிழையில் வந்ததை உசிக்கால் ஜூன் மாதத்தைக்கூடத் தாண்டிக் காப்பாற்ற முடியவில்லை. ஒவ்வொரு அமைப்புக்கும் ‘கட்டாயப் போட்டியாளர்’ ஒருவர் உண்டு. குறித்த காலத்துக்குள் அவரோடு மோத வேண்டும். ஃபியூரியுடன் மறுசண்டைக்கு உசிக் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தார். ஐ.பி.எஃப். தன் ஆளான டேனியல் டுபுவாவை முன்னே நிறுத்தியது. ஒரே நேரத்தில் இருவரோடு மோத முடியுமா? பெல்ட்டை விட்டுக்கொடுத்தார். பிறகு 2025 ஜூலையில் வெம்பிளியில் அதே டுபுவாவை ஐந்தாம் சுற்றில் சாய்த்து அதை மீட்டார். அந்த ஆண்டு நவம்பரிலேயே டபிள்யூ.பி.ஓ. பட்டத்தை விட்டுவிட்டார். நான்கு அமைப்பு, நான்கு வரிசை. நான்கு மாமியார் வீட்டுக்கு ஒரே மருமகள் போல.

கேள்வி: அமைப்புகளுக்கு இதில் என்ன லாபம்?

பணம். பட்டச் சண்டையில் வீரர் வாங்கும் தொகையில் ஏறக்குறைய மூன்று சதவீதம் கட்டணமாகப் போகும். 2025 செப்டம்பரில் கனெலோ அல்வாரெஸை வென்று, நான்கு பெல்ட் காலத்தில் மூன்று எடைப் பிரிவுகளில் தனிப்பெரும் சாம்பியனான முதல் ஆண் என்ற பெயரை டெரன்ஸ் க்ராஃபோர்ட் எடுத்தார். டிசம்பரில், கட்டணம் கட்டவில்லை என்று டபிள்யூ.பி.சி. அவர் பட்டத்தைப் பறித்தது. அதே மாதம் அவர் ஓய்வே அறிவித்துவிட்டார்.

கேள்வி: ‘முதல் ஆண்’ என்று அழுத்திச் சொல்கிறீர்களே?

கவனித்ததற்கு நன்றி அம்மா. அமெரிக்க வீராங்கனை கிளாரிசா ஷீல்ட்ஸ் க்ராஃபோர்டுக்கு ஏழு மாதம் முன்பே, 2025 பிப்ரவரியில், மூன்றாவது எடைப் பிரிவையும் முடித்துவிட்டார். பெண்களில் நான்கு பெல்ட்டும் முதலில் கட்டியவர் நார்வேயின் செசிலியா ப்ரேக்ஹுஸ், 2014-ல்.

கேள்வி: அப்படியானால் ஆறு முறை உலக சாம்பியனான மேரி கோம்?

அவை அமெச்சூர் உலகப் போட்டிகளின் தங்கங்கள், 2002 முதல் 2018 வரை. அங்கே ஒவ்வொரு போட்டியிலும் எடைக்கு ஒரே தங்கம், அதனால் இந்தக் குழப்பமே வராது. பெல்ட் உலகம் வேறு.

கேள்வி: டபிள்யூ.பி.ஏ.-வில் ‘சூப்பர்’, ‘ரெகுலர்’ என்று இரண்டு பட்டம் இருக்கிறதே தம்பி?

கணக்கில் வருவது சூப்பர் மட்டும். மற்றது எனக்குப் போலிச் சாவி.

கேள்வி: யாரோ பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் ரிடிக் போவ். 1992 நவம்பரில் அப்போதைய சாம்பியன் ஹோலிஃபீல்டை வென்று மூன்று பெல்ட்டையும் எடுத்தார். அடுத்து லெனாக்ஸ் லூயிஸுடன் மோதச் சொன்னது டபிள்யூ.பி.சி. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் போவை வீழ்த்தியவர் லூயிஸ் என்பதை நினைவில் வையுங்கள். டிசம்பரில் லண்டனில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, டபிள்யூ.பி.சி.யின் பச்சை பெல்ட்டைத் தொட்டிக்குள் போட்டார் போவ். பட்டம் லூயிஸிடம் போனது. ஹெவிவெயிட்டில் மூன்றும் மறுபடி ஒரே இடுப்புக்கு வர 1999 நவம்பர் ஆனது. இடுப்பு லூயிஸுடையது. மறு வருடமே, கட்டாயப் போட்டியாளரை விட்டுவிட்டு வேறொருவருடன் மோதியதால், நீதிமன்றத்தில் ஒன்றை இழந்தார்.