பித்தளையைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடாதீங்க!

கேள்வி: பாட்டியோட பித்தளை உருளிக்கு போன வருஷம் தெருவுல வந்தவர்கிட்ட ஈயம் பூசினேன், அதுக்குள்ள கருத்துப்போச்சு. ஏமாத்திட்டாரா? இதுல புளிக்குழம்பு வைக்கலாமா?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: கருத்துப்போச்சுங்கறதுக்காக மட்டும் அவர திட்டாதீங்கம்மா, நல்ல ஈயமே புழங்கப் புழங்க மங்கத்தான் செய்யும். பயப்பட வேண்டியது வேற விஷயத்துக்கு. பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம் (டின்), ஆனா அது விலை ஜாஸ்திங்கறதால சில பேரு காரீயத்த (லெட்) கலந்துடறாங்க, அது உடம்புக்கு விஷம். அடுத்த தடவ பூசுறதுக்கு முன்னாடியே அவர் வச்சிருக்கற ஈயக் குச்சிய வாங்கி காது பக்கத்துல வச்சு மெதுவா வளைச்சுப் பாருங்க, சுத்தமான வெள்ளீயம்னா மொறுமொறுன்னு ஒரு சத்தம் வரும். காரீயத்துல அந்த சத்தம் கிடையாது, காகிதத்துல தேய்ச்சா பென்சில் மாதிரி கோடு விழும். சந்தேகமா இருந்தா வேணாம்னு அனுப்பிடுங்க.

பூசுறதையும் பக்கத்துலயே நின்னு பாருங்க, எனக்கெல்லாம் சின்ன வயசுல அதுதான் சினிமா. துருத்தி ஊதி பாத்திரத்த நல்லா சூடு பண்ணி நவச்சாரம்ங்கற உப்ப தூவுவாங்க, குப்புன்னு வெள்ளப் புகை கிளம்பும், மூக்கு எரியும். அந்த நவச்சாரம்தான் உள்ள இருக்கற கறைய தின்னுட்டு ஈயம் ஒட்டறதுக்கு வழி பண்ணுது. அப்புறம் ஈயத்த தொட்டு பஞ்சால ஒரு சுத்து சுத்தினா மஞ்சப் பாத்திரம் கண்ணு முன்னாடியே வெள்ளியாயிடும்!

வெள்ளீயப் பூச்சு முழுசா இருந்தா புளிக்குழம்பு தாராளமா வைங்க. மஞ்சள் தெரிய ஆரம்பிச்சுட்டா புளி, தக்காளி, மோர் எதுவும் கூடாது, செம்பும் துத்தநாகமும் குழம்புல எறங்கி கைக்கும், வாந்தி வரும். கம்பி நார் போட்டு தேய்க்காதீங்க, கிளறறதுக்கு மரக் கரண்டி போதும்.

கேள்வி: கல்யாண சீர்ல வந்த ஈயச்செம்பு முதல் நாளே அடுப்புல உருகிடுச்சு. டூப்ளிகேட்டா?
- புதுப்பொண்ணு, சேலம்

பதில்: ஐயோ பாவம்! டூப்ளிகேட்டுன்னு இத வச்சு சொல்ல முடியாதும்மா, உள்ள ஒண்ணும் ஊத்தாம காலியா அடுப்புல வச்சிருப்பீங்க. வெள்ளீயம் 232 டிகிரிலயே உருகிடும். உள்ள ரசம் இருந்தா அது 100 டிகிரிய ஒட்டியே கொதிக்கும், செம்புக்கு ஒண்ணும் ஆகாது. புளித்தண்ணிய ஊத்திட்டு அப்புறம் அடுப்ப பத்த வைங்க, தீ பக்கவாட்டுல ஏறக்கூடாது, தாளிப்பு தனிக் கரண்டில. உருகினத தூக்கிப் போடாதீங்க, ஈயத்துக்கு எடை போட்டு காசு குடுப்பாங்க.

கேள்வி: காந்தம் ஒட்டலன்னா அது நல்ல எவர்சில்வர்தானே?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இத நம்பி ஏமாந்தவங்கள்ல நானும் ஒருத்தன். எவர்சில்வர்ல 304னு ஒரு ரகம் சொல்றாங்களே, அதுல குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் இருக்கும். 202ங்கற ரகத்துல நிக்கல கொறைச்சு மாங்கனீஸ் ஏத்திருப்பாங்க, விலை கம்மி, துரு தாங்கறதும் கம்மி, ஆனா காந்தம் அதுலயும் ஒட்டாது. அதவிட வேடிக்கை, திருப்பூர் பக்கம் அனுப்பர்பாளையம் மாதிரி பட்டறைங்கள்ல தகட்ட வட்டமா வெட்டி பிரஸ்ல வச்சு குழியா இழுப்பாங்க பாருங்க, அப்படி இழுபட்ட வளைவுல அசல் 304 கூட லேசா காந்தத்த புடிக்கும். இண்டக்ஷன் அடுப்புக்கான பாத்திரம்னா மட்டும் அடிப்பக்கம் காந்தம் ஒட்டியே ஆகணும், இல்லன்னா சூடே ஏறாது. மத்தபடி காந்தத்த வீட்டுலயே வச்சுட்டு, பாத்திரத்துல 304னு முத்திரை இருக்கா, பில்லுலயும் எழுதித் தருவாரான்னு கேளுங்க. பில்லுன்னு சொன்னதும் கடைக்காரர் மூஞ்சி எப்படிப் போகுதுன்னும் பாருங்க.