கிணற்று நீச்சலும் 180 கிலோமீட்டரும்

கேள்வி: எனக்கு 43 வயது. மதுரையில் வங்கி வேலை. ஐந்தாறு வருடமாக ஓடுகிறேன், இரண்டு மாரத்தான் முடித்திருக்கிறேன். போன வருடம் கோவாவில் பாதித் தூர அயர்ன்மேனை (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) 8 மணி 12 நிமிடத்தில் முடித்தேன். ஆனால் நீச்சல் பெரிய சோதனையாகிவிட்டது. சின்ன வயதில் ஊர்க் கிணற்றில் கற்றுக்கொண்ட நீச்சல்தான். கடலில் மூச்சு முட்டி, நடுவில் பாதுகாப்புக்கு நின்ற கயாக்கை (சிறு துடுப்புப் படகை) பிடித்துக்கொண்டு நின்று, 1 மணி 6 நிமிடத்தில் கரையேறினேன். சைக்கிளுக்கு 4 மணி நேரம் ஆனது. நண்பர்கள் உசுப்பேற்றியதில் வரும் நவம்பரில் மலேசியாவின் லங்காவி தீவில் நடக்கும் முழுத் தூரப் போட்டிக்குப் பணம் கட்டிவிட்டேன். இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. தினமும் காலையில் நீச்சல் குளத்துக்குப் போகிறேன், பயம் போகவில்லை. மகள் பத்தாம் வகுப்பு போகிறாள். ‘இந்த வருடம்தானா இது?’ என்று மனைவி கேட்கிறார். என்னால் முடிக்க முடியுமா, இல்லை பணம் போனால் போகட்டும் என்று விலகிவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: இப்போதைக்கு விலக வேண்டாம். ஆனால் தினமும் நீச்சல் குளத்துக்குப் போவதை நிறுத்துங்கள். வாரத்துக்கு மூன்று நாள் போதும். மிச்ச நாட்களின் காலை நேரத்தைச் சைக்கிளுக்குக் கொடுங்கள். உங்கள் கடிதத்தில் நீச்சலுக்கு நான்கு வரி, சைக்கிளுக்கு ஒரே ஒரு வரி. எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வரிதான்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், வங்கிக்காரருக்குக் கணக்குப் பிடிக்கும். முழுத் தூரம் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். வழக்கமான கட்-ஆஃப், அதாவது தாண்டினால் வெளியேற்றிவிடும் நேர வரம்பு, இப்படி இருக்கும்: நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடம், நீச்சல் தொடங்கியதிலிருந்து 10 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிளை முடிக்க வேண்டும், மொத்தம் 17 மணி நேரம். (போட்டிக்குப் போட்டி கொஞ்சம் மாறும், உங்களுக்கு வரும் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

கோவாவில் 1.9 கிலோமீட்டரை 66 நிமிடத்தில் நீந்தினீர்கள், அதுவும் நடுவில் கயாக்கைப் பிடித்து நின்றுவிட்டு. அதே வேகத்தில் இரண்டு மடங்கு தூரம் போனால் 2 மணி 12 நிமிடம். எட்டு நிமிடம் கையில் வைத்துக்கொண்டே கரையேறிவிடுவீர்கள். உடை மாற்றிச் சைக்கிளை எடுக்க 15 நிமிடம் வையுங்கள். மிச்சம் இருப்பது 8 மணி 3 நிமிடம். அதற்குள் 180 கிலோமீட்டர் என்றால் சராசரி 22.4 கிலோமீட்டர் வேகம். கோவாவில் 90 கிலோமீட்டருக்கு உங்கள் சராசரி 22.5. அதே வேகத்தை இன்னொரு 90-க்கும் மேடு, வெயில், புழுக்கத்தோடு காப்பாற்ற வேண்டும். ஒரு பங்க்சர் ஆனால் கதை முடிந்தது.

இப்போது எங்கே நேரம் சம்பாதிக்கலாம் என்று பாருங்கள். எட்டு மாதம் குளத்திலேயே கிடந்து நீச்சலை 2 மணி நேரத்துக்குக் கொண்டுவந்தாலும் லாபம் 12 நிமிடம். சைக்கிள் சராசரியை 24.5-க்கு உயர்த்தினால் 180 கிலோமீட்டரை 7 மணி 21 நிமிடத்தில் முடிப்பீர்கள், லாபம் 42 நிமிடம். இன்னொன்றும் இருக்கிறது: நீச்சலை 2 மணி 5 நிமிடத்தில் முடித்து, இந்தச் சைக்கிள் நேரத்தையும், இரண்டு முறை உடை மாற்ற அரை மணியையும் சேர்த்தால் 9 மணி 56 நிமிடம். மாரத்தானுக்கு 7 மணி நேரம் மிஞ்சுகிறது. கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம். அது ஓட்டமே இல்லை, விறுவிறு நடை! இரண்டு மாரத்தான் ஓடியவருக்கு இதைவிடச் சௌகரியம் வேண்டுமா?

ஆகவே வாரம் ஒரு நீண்ட சவாரி. இப்போது 80 கிலோமீட்டரில் தொடங்கி, ஆகஸ்ட் முடிவதற்குள் 150-க்கு வாருங்கள். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் இறக்குங்கள். வாரநாட்களில் இரண்டு குறுகிய சவாரி, அதில் ஒன்று கொஞ்சம் மூச்சு வாங்கும்படி இருக்கட்டும். லங்காவி பாதையில் ஏற்ற இறக்கம் அதிகம், நான்குவழிச் சாலையில் மட்டும் ஓட்டிப் பழகினால் ஏமாந்துபோவீர்கள். சிறுமலை பக்கத்தில் இருக்கும்போது என்ன கவலை? மாதம் இரண்டு முறை அந்தக் கொண்டை ஊசி வளைவுகளை எழுந்து நிற்காமல், உட்கார்ந்தபடியே, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏறிப் பழகுங்கள். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். போட்டியன்றும் அதுதான் அளவு. முதல் 90 கிலோமீட்டரில் உங்களை முந்திப் போகிறவர்களைப் போகவிடுங்கள், அதில் பாதிப் பேரை மாரத்தான் பாதையில் மறுபடி பார்ப்பீர்கள்.

நீண்ட சவாரி முடிந்து சைக்கிளை நிறுத்திய கையோடு இருபது நிமிடம் ஓடுங்கள். பிரிக் என்று இதைச் சொல்வார்கள், கோவாவுக்கு முன்பு செய்திருப்பீர்கள். கால் மரத்துப்போன மாதிரி இருக்கும் அந்த முதல் இரண்டு கிலோமீட்டர் பழகினால் போதும், அதற்கு மேல் ஓடிக் காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ட்யூப் மாற்றவும் வீட்டில் உட்கார்ந்து பழகுங்கள், கண்ணைக் கட்டினாலும் கை செய்ய வேண்டும். வெளியாள் உதவியைப் போட்டியில் வாங்கக் கூடாது. புதுச் சைக்கிள் வாங்கும் ஆசை இந்நேரம் வந்திருக்கும். வேண்டாம். இருக்கிற சைக்கிளை உங்கள் உடம்புக்குத் தகுந்தபடி அளவெடுத்துச் சரிசெய்யுங்கள், ஏழு மணி நேரம் உட்காரப்போவது அதன் மேல்தான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் முறை முழுத் தூரம் போகிறவர்களைக் கால் கைவிடுவதைவிட வயிறு கைவிடுவது அதிகம். நம் தசையிலும் ஈரலிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து சுமார் 400 முதல் 500 கிராம், அதாவது 2,000 கலோரிக்கு உட்பட்டது. உங்களைப் போன்றவருக்கு இந்த ஒரு நாளில் செலவாவதோ சுமார் 8,000. கொழுப்பு பெரும்பகுதியைத் தாங்கும், ஆனால் மெதுவாகப் போனால்தான் தாங்கும். மிச்சத்தை வாய் வழியாகத்தான் ஈடுகட்ட வேண்டும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று வையுங்கள், பழகினால் 70, 80 கூடப் போகலாம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது, ஜெல் (பாக்கெட்டில் வரும் மாவுச்சத்துக் கூழ்) என்றால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கடலை மிட்டாயைப் பலர் எடுத்துப்போகிறார்கள். சுவைக்கு ஒன்று சரி, அதையே நம்பினால் கொழுப்பும் நாருமாக வயிற்றில் கல் மாதிரி உட்கார்ந்துவிடும். ஓ.ஆர்.எஸ். குடித்தால் தெம்பு வந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அது உப்புக்கும் நீருக்கும் ஆனது, சாப்பாட்டுக் கணக்கில் சேராது.

இந்தச் சாப்பாட்டை ஒவ்வொரு நீண்ட சவாரியிலும் கடிகாரத்தில் இருபது நிமிட அலாரம் வைத்துச் சாப்பிட்டுப் பழகுங்கள். பசி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வேகம் கூடினால் ரத்தம் வயிற்றை விட்டுக் காலுக்குப் போய்விடும், உள்ளே போனது செரிக்காமல் குமட்டும். நான் பேசிக்கொண்டே ஓட்டச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

தண்ணீர் குடிப்பதில் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது: குறைந்தால் உடம்பு வறளும், அளவை மீறினால் ரத்தத்தின் உப்பு நீர்த்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும்தான் அதிகம் சிக்கினார்கள். மெதுவாகப் போகிறவருக்கு வழியில் வரும் ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் நின்று குடிக்க நேரம் இருக்கிறது அல்லவா, அதுதான் வினை. ஒரு மணி நேரச் சவாரிக்கு முன்னும் பின்னும் துணி இல்லாமல் எடை பாருங்கள். குறைந்த எடையோடு நடுவில் குடித்ததையும் கூட்டினால், அதுதான் உங்கள் வியர்வைக் கணக்கு. அந்த அளவைத் தாண்டிக் குடிக்க வேண்டாம். மதுரை வெயில் பழகியவருக்கு லங்காவி ஒன்றும் செய்யாது என்றும் நினைக்காதீர்கள். இங்கே வியர்வை காயும், அங்கே வழிந்துகொண்டே இருக்கும். முடிந்தால் ஒரு வாரம் முன்பே போய்விடுங்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், சிரிக்கலாம். 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாஹு தீவில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது இறங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12. அவரவர் சாப்பாட்டை அவரவர் ஆட்களே கொண்டுவர வேண்டும். முன்னணியில் போய்க்கொண்டிருந்த ஜான் டன்பாருக்கு மாரத்தானில் தண்ணீர் தீர்ந்துபோய், அவருடைய ஆட்கள் பீர் கொடுத்தார்கள். கடைசியில் கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடத்தில் முதலாவதாக வந்தார்.

சரி, கடல். நேரக் கணக்கில் நீச்சல் உங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை என்றேன். உயிர்க் கணக்கு வேறு. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் (இதே மூன்று விளையாட்டும் சேர்ந்த) போட்டிகளில் நடந்த மரணங்கள், இதயத் துடிப்பு திடீரென நின்ற நிகழ்வுகள் என மொத்தம் 135-ஐ ஆராய்ந்ததில், மூன்றில் இரண்டு பங்கு நீச்சலின்போது நடந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நடுவயது ஆண்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்த மாதமே ஓர் இதய மருத்துவரைப் பார்த்து ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் சோதனை எது தேவை என்று அவரிடமே கேளுங்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கோவாவில் மூச்சு முட்டியதையும் சொல்லுங்கள். அது பயத்தால்தான் என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம்.

மருத்துவர் பச்சைக்கொடி காட்டிவிட்டால், அப்புறம் அது பழக்கமின்மைதான். கிணற்றில் கற்றவர்கள் பெரும்பாலும் தலையைத் தூக்கி வைத்தே நீந்துவார்கள். தலை மேலே வந்தால் இடுப்பு கீழே போகும், இரண்டு மடங்கு உழைப்பு. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை விட்டுக்கொண்டே இருக்க ஒரு பயிற்சியாளரிடம் ஒரு மாதம் கற்றுக்கொள்ளுங்கள். மூச்சு முட்டுகிறது என்பவர்களில் பலர் உள்ளே இழுத்த காற்றை விடாமல் பிடித்து வைத்திருப்பவர்கள். பத்துப் பதினைந்து வீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் மேலே கொண்டுவந்து மிதவையைப் பார்த்துக்கொள்ளப் பழகுங்கள். கயாக்கைப் பிடித்து ஓய்வெடுத்ததற்கு வெட்கப்படாதீர்கள், விதி அதை அனுமதிக்கிறது, பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான்.

கடல் பயம் கடலில்தான் போகும். ராமேஸ்வரம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் அமைதியாக இருக்கும். அங்கே மீனவர்களிடம் கேட்டு, ஒரு படகைத் துணைக்கு வைத்து, மிதவையை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்துங்கள். தனியாக ஒருபோதும் இறங்க வேண்டாம். 1994-இல் அந்தப் பாக் நீரிணையை நீந்திக் கடந்த குற்றாலீஸ்வரனுக்கு அப்போது 12 வயது, ஏறத்தாழ உங்கள் வயதுக்காரர்தான்.

வீட்டு விஷயம். மனைவி கேட்ட கேள்வி நியாயமானது. உச்சப் பயிற்சிக் காலமான ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது போகும், மகளின் காலாண்டுத் தேர்வும் அப்போதுதான் வரும். ‘அனுசரித்துப் போ’ என்று சொல்லாதீர்கள், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த நாள் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பேன், எந்த ஞாயிறு சைக்கிளையே தொட மாட்டேன், எவ்வளவு பணம் ஆகும் என்று. சனிக்கிழமை சவாரி முடிந்து வந்து மதியம் முழுக்கத் தூங்குகிறீர்களா? அந்தத் தூக்கம்தான் வீட்டில் சண்டையாகிறது. முந்தின இரவு ஒன்பது மணிக்குப் படுங்கள், மதியம் மகளோடு கணக்குப் போடலாம்.

விலகலாமா என்று கேட்டீர்கள். முடிவைச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். அதற்குள் இரண்டு காரியம் நடந்திருக்க வேண்டும். ஒன்று, கடலில் எதையும் பிடிக்காமல் 3 கிலோமீட்டர். இரண்டு, 150 கிலோமீட்டரைச் சராசரி 24-க்குக் குறையாமல் ஓட்டி இறங்கி, அரை மணி நேரம் ஓடியும் அன்று இரவு வழக்கம்போல் சாப்பிட முடிவது. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலை வழியாகச் சுமார் 170 கிலோமீட்டர், இரண்டையும் ஒரே வார இறுதியில் பார்த்துவிடலாம். சனிக்கிழமை நீங்கள் சைக்கிளில் போங்கள், வீட்டுக்காரர்கள் ரயிலில் வரட்டும், ஞாயிறு காலை கடல். ஒரு எச்சரிக்கை: ஆடிக் காற்று அடங்காத நாளில் மேற்கிலிருந்து முதுகில் தள்ளிவிடும், அந்தச் சராசரியை நம்பாதீர்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் பதிவை அடுத்த வருடத்துக்கோ பாதித் தூரத்துக்கோ மாற்ற முடியுமா என்று அமைப்பாளர்களுக்கு எழுதுங்கள். அந்த மாற்றத்துக்குக் கடைசித் தேதி எது என்பதை இன்றைக்கே விதிமுறையில் தேடிக் குறித்துவையுங்கள், அது செப்டம்பருக்கு முன்பே வந்தால் ராமேஸ்வரப் பயணத்தையும் முன்னால் தள்ள வேண்டியிருக்கும்.