ராஜினாமாக் கடிதம் எழுதும் முன்

உங்கள் விளம்பர நிறுவனம் வளர்ந்து பிரைவேட் லிமிடெட் ஆகிறது, அதனால் எல்லாரும் ராஜினாமா செய்துவிட்டுப் புதிய நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள், நீங்கள் சேர்ந்து 4 ஆண்டு ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, கிடைக்கப் பொதுவாக 5 ஆண்டு தொடர் பணி வேண்டும். ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்பது கணக்கு. ராஜினாமா என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் அந்த 4 ஆண்டும் கைவிட்டுப் போகலாம். 'வெறும் சம்பிரதாயம்' என்பார்கள். சம்பிரதாயம்தானே, பணிமாற்றக் கடிதமாகவே தரட்டுமே! பழைய பணி தொடர்கிறது என்ற வரி, முதலில் சேர்ந்த தேதி, மீதமுள்ள விடுப்பு மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பாமல் மின்னஞ்சலில் கேளுங்கள்.

வருங்கால வைப்பு நிதியில் கைவைக்காதீர்கள். வேலை மாறினாலும் மாறாத உங்கள் வைப்பு நிதி எண்ணான அதே யுஏஎன் எண்ணில் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். 5 ஆண்டுக்கு முன் எடுத்தால் பெரும்பாலும் வருமான வரி வரும்.

ஒரே பேனருக்கு ஒரு மேலாளர் நீலம், இன்னொருவர் சிவப்பு என்கிறார்களா? எல்லா ஊரிலும் இதே கூத்துதான். இறுதி ஒப்புதல் யாருடையது என்று இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.