16 மணி நேர வேலைதானா? வாசகர் கேள்விகள்

கல்லூரி ஆசிரியருக்கு வாரம் 16 மணி நேரம்தான் வகுப்பாமே? மீதி நேரத்தில் என்னதான் செய்கிறார்கள்?
(ஒரு பெற்றோர், விருதுநகர்)

யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு 16, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. இது நேரடி வகுப்பு மட்டும். ஆண்டில் 30 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையாமல் பணி இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். புதிதாக ஒரு பாடத்தாள் தலையில் விழுந்தால், முதல் வருஷம் ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு, மூன்று மணி நேரம் தயாரிப்பு போய்விடும். அகமதிப்பீடு, விடைத்தாள் திருத்தம், செய்முறைத் தேர்வுக்கு வெளியூர்ப் பயணம் எல்லாம் தனிக்கணக்கு. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் குழு வரும் வருஷம் என்றால் ஐந்தாண்டுக் கோப்புகளைத் தூசி தட்ட வேண்டும். பல துறைகளில் ஆராய்ச்சிக்கு மிஞ்சுவது ராத்திரியும் கோடை விடுமுறையும்தான். காலியிடம் நிரப்பாத துறையில் அந்த 16-ம் காகிதத்தில் மட்டுமே, நடப்பில் அதற்கும் மேல்.

என் தீசிஸில் பிற எழுத்துகளோடு ஒற்றுமை 12 சதவீதம் என்று அறிக்கை வந்திருக்கிறது. வார்த்தைகளை மாற்றும் மென்பொருளில் போட்டுக் குறைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
(ஆய்வு மாணவி, தஞ்சாவூர்)

செய்யாதீர்கள். முதலில் அந்த 12 எப்படி வந்தது என்று பாருங்கள். யு.ஜி.சி.யின் 2018 கருத்துத் திருட்டு விதியில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை போனால் ஒரு வருஷத்துக்குத் திருத்திய பிரதியைத் தர முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

ஆனால் எண்ணுவதற்கு முன் சிலவற்றை நீக்க வேண்டும் என்பதும் விதி: உரிய குறிப்போடு தந்த மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகம், வழக்கமான சமன்பாடு, தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்ச்சியான 14 சொற்கள் வரை. நூலகத்தில் இந்த வடிகட்டிகளைப் போடாமலே ஓட்டிவிட்டால் 12 என்ன, 25-ம் வரும். உங்கள் சொந்தக் கட்டுரையோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். அதற்கு நெறியாளர் சான்று ஏற்பார்களா என்று கேளுங்கள். இன்னொன்று: முதல் முறை சோதித்தபோது கோப்பைச் சோதனை மென்பொருளின் களஞ்சியத்தில் சேமித்துவிட்டால், இரண்டாம் முறை உங்கள் தீசிஸே உங்களைக் காட்டிக்கொடுக்கும். 100-ஐ நெருங்கிய எண் வந்து தூக்கம் போகும். சேமிக்காத தெரிவில் ஓட்டச் சொல்லுங்கள்.

சொல் மாற்றும் மென்பொருளின் லட்சணத்தை 2021-ல் கியோம் கபனாக் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் இரண்டு சகாக்களும் அம்பலப்படுத்தினார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' (செயற்கை நுண்ணறிவு) என்பது 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) ஆகி அச்சேறியிருந்தது! சதவீதம் குறையலாம், வாய்மொழித் தேர்வில் அந்தச் சொற்றொடருக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு தனி வார்த்தை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் மென்பொருளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. 0 சதவீதம் வந்தாலும் அர்த்தமில்லை. யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் படித்துவிட்டுக் கொடுங்கள். பி.டி.எஃப்.பில் கொம்பு சிதறும். வேர்ட் கோப்பாகத் தருவது நல்லது.

மூன்றே நாளில் கட்டுரையை ஏற்றுக்கொண்டு பணம் கட்டச் சொல்கிறது ஓர் ஆய்விதழ். நம்பலாமா?
(உதவிப் பேராசிரியர், கோயம்புத்தூர்)

மூன்று நாளில் ஒரு நிபுணர் ஒழுங்காகப் படித்து முடிப்பதே கஷ்டம். பணம் கேட்பது மட்டும் குற்றமில்லை. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களில் நல்லவையும் கட்டணம் வாங்குகின்றன. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொன்ன யு.ஜி.சி. கேர் பட்டியல் 2025 பிப்ரவரியோடு கைவிடப்பட்டதால் சோதிக்கும் பொறுப்பு இப்போது உங்கள் தலையில். இதழ் தன் தளத்தில் போட்டிருக்கும் ஸ்கோபஸ் (ஆய்விதழ்களின் தரவுத்தளம்) முத்திரையை நம்ப வேண்டாம். ஸ்கோபஸ் பட்டியலுக்கே போய் இதழுக்குரிய தனி எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.னை அடித்துத் தேடுங்கள். அங்கே தரப்பட்டிருக்கும் இணைய முகவரியும் உங்களுக்கு வந்த மின்னஞ்சலில் இருக்கும் இணைய முகவரியும் ஒன்றுதானா? இல்லையென்றால் அது நல்ல இதழின் பெயரைத் திருடிய போலியாக இருக்கலாம். பிறகு ஆசிரியர் குழுவில் இரண்டு பேரைப் பிடித்து, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, சமீபத்திய இதழ் ஒன்றைத் திறந்து உங்கள் துறைக் கட்டுரையைப் படியுங்கள். ஐந்தே நிமிடத்தில் குட்டு வெளிப்படும்.

என் நெறியாளர் ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. என் தங்கையும் அவரிடமே சேரலாமா?
(வாசகர், காரைக்குடி)

முடியாது. யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிப்படி ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளரை எடுக்கக் கூடாது. ஏற்கெனவே சேர்ந்த உங்களுக்கு, ஓய்வுபெறும் வரை அவரே நெறியாளராக இருக்கலாம். பிறகு 70 வயது வரை இணை நெறியாளராகத் தொடரலாம். அந்தத் துறையிலேயே வேறொருவரிடம் இடம் இருக்கிறதா என்று தங்கை கேட்கட்டும். ஓர் உதவிப் பேராசிரியர் 4 ஆய்வாளர்கள், இணைப் பேராசிரியர் 6, பேராசிரியர் 8 வரை வைத்துக்கொள்ளலாம்.

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று துறையில் ஏன் இவ்வளவு சண்டை?
(முதுகலை மாணவர், சென்னை)

மதிப்பெண் கணக்குதான் காரணம். யு.ஜி.சி.யின் 2018 விதியில் மொழி, கலைத்துறைக் கட்டுரைக்கு 10 புள்ளி. இரண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 7. மூன்று பேர் என்றால் முதல் ஆசிரியருக்கு அல்லது இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் தொடர்பு ஆசிரியருக்கு 7, மற்ற இருவருக்கும் 3 மட்டுமே. நேரடி நியமனத்தில் இணைப் பேராசிரியராக 75, பேராசிரியராக 120 புள்ளி வேண்டும். அப்படியிருக்க யார் மூன்றாவது பெயராக நிற்பார்கள்? தரவு சேகரிக்கத் தொடங்கும்போதே வரிசையை மின்னஞ்சலில் எழுதி, எல்லோரிடமும் 'சரி' என்று பதில் வாங்கி வையுங்கள். தொடர்பு முகவரியாகக் கல்லூரி உங்களுக்குத் தந்த மின்னஞ்சலை மட்டும் தராதீர்கள். படிப்பு முடிந்ததும் அது மூடப்பட்டால், திருத்தம் கேட்டு வரும் கடிதம் யார் கண்ணிலும் படாது.