ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் தூங்காத மகளும்

ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகள் மாநில அளவில் வாலிபால் ஆடியவள். முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. மைதானம் என்றாலே எரிந்து விழுகிறாள். "சர்டிஃபிகேட் இருக்கும்போதே இன்ஜினியரிங்கில் போட்டுவிடு" என்று பெரியப்பா நெருக்குகிறார். அவளோ சைக்காலஜி என்கிறாள்.

போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், அம்மா. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஆட்டத்துக்குத் திரும்பவே ஒன்பது மாதமாவது ஆகும். டீம், பயிற்சி, தோழிகள், ஊரில் இருந்த பேர் எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போன பிள்ளை அவள். முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். கோர்ஸ் பேச்சு அப்புறம்தான்.

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு, சரி. அவளுக்குப் பிடிக்காத படிப்பில் இடம் கிடைத்து என்ன பயன்? தனியார் கல்லூரி தன் டீமுக்காகத் தரும் இலவச சீட் இன்னும் மோசம். ஆடினால்தான் சலுகை, காலில் பயம் இருக்கிற பெண் ஆடியே ஆக வேண்டும். பெரியப்பாவிடம் நீங்களே பேசுங்கள், அவளை முன்னால் நிறுத்தாதீர்கள்.

அவள் கேட்கும் சைக்காலஜியில் யாரும் யோசிக்காத ஒரு கிளை இருக்கிறது: விளையாட்டு உளவியல். 2024-இல் குகேஷ் சிங்கப்பூரில் உலக செஸ் பட்டத்துக்கு ஆடியபோது, மனப்பயிற்சிக்கு பேடி அப்டன் துணையிருந்தார். முதல் ஆட்டத்திலேயே தோற்றும் பையன் கலங்கிவிடவில்லை. வாலிபாலில் நடுவர் விசிலடித்து எட்டு விநாடிக்குள் சர்வீஸ் போட வேண்டும். அந்த எட்டு விநாடியில் மூச்சு எப்படி, கண் எங்கே, மனசுக்குள் சொல்லிக்கொள்ளும் வார்த்தை எது என்று பழக்குவது விளையாட்டு உளவியலாளர்களின் வேலை. காயம்பட்டவர் படுத்தபடியே ஆட்டத்தை மனசில் ஓட்டிப் பார்ப்பது, மறுபடி குதிக்கும் நாளின் பயத்தைப் படிப்படியாக இறக்குவது, தோற்ற பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று கோச்சுக்கே சொல்லித்தருவது என அது நீளும். இதில் பாதியை உங்கள் மகள் பட்டே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. சைக்காலஜி மூன்று வருஷம். பிறகு சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை. சேரும் தகுதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். மனநோய்க்குச் சிகிச்சை தர இது போதாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். வேலைகளும் இப்போதைக்குக் குறைவுதான். தன்னைக் குணப்படுத்திக்கொள்ளத்தான் இதைப் படிக்கிறாள் என்றால் வேண்டாம், அதற்கு டாக்டர் இருக்கிறார். உடம்பு தேறியதும் ஜூனியர் டீமோடு சில வாரம் உட்காரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் இதையே கேட்டால் குறுக்கே நிற்காதீர்கள்.

செலவில் மட்டும் கறாராக இருங்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்காக நகையை அடகு வைக்க வேண்டாம். மூன்று மாதத்தில் 'மைண்ட் கோச்' ஆக்குகிறோம் என்று போன் செய்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.