மதுரை மாடி அறையில் கடல் மீன் தொட்டி: முதலில் ஒரு பக்கெட் தண்ணீர் வையுங்கள்

கேள்வி: திருநகரில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். மேலே மொட்டை மாடிதான். 10க்கு 10 அறையில் உட்கார்ந்து ஐ.டி. வேலை பார்க்கிறேன். ஆறு வருடமாகக் கப்பி, மோலி போன்ற நன்னீர் மீன் வளர்த்த அனுபவம் உண்டு. மேசைக்குப் பக்கத்தில் 3 அடி நீளத்தில் கடல் மீன் தொட்டி வைக்க ஆசை. பகலில் ஏசி ஓடும். ராமேஸ்வரம் போகும்போது கேனில் கடல் தண்ணீர் பிடித்து வரலாமா? பவளமும் வளர்க்கலாமா?

பதில்: தொட்டி வைக்கலாம். வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 20 லிட்டர் பக்கெட் ஒன்றில் தண்ணீர் பிடித்து, தொட்டி வரவேண்டிய அதே இடத்தில் வையுங்கள். மீன் கடைத் தெர்மாமீட்டரை அதில் போட்டு, ஒரு வாரம் காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இரவு படுக்கப் போகும்போதும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதைக் கத்திரி வெயிலில் செய்ய வேண்டும். கார்த்திகையில் செய்து பார்த்துவிட்டு ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று எனக்கு எழுதாதீர்கள்.

கடல் மீனுக்கு 25 முதல் 27 டிகிரி வரை சுகம். 28, 29 என்றாலும் சமாளித்துக்கொள்ளும். பகலில் ஏசி ஓடும் என்கிறீர்களே, சிக்கலே அதில்தான் ஆரம்பம். ஏழு மணிக்கு லேப்டாப்பை மூடி, ஏசியையும் அணைத்துவிட்டு எழுந்து போவீர்கள். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் கூரை அதற்குப் பிறகுதான் சூட்டை அறைக்குள் இறக்கும். தண்ணீரின் சூடு பகலில் இறங்கி, இரவில் ஏறி என்று தினமும் மாறிக்கொண்டே இருக்கும். இந்த ஊசலாட்டத்தை விட, ஏசியே இல்லாமல் நிலையாக 28 இருப்பது மீனுக்கு மேல். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. உப்பு நீரில் அது இன்னும் குறைவு.

சில்லர் என்னும் நீர் குளிரூட்டும் மெஷின் வைத்தால் தீரும்தான், ஆனால் அதன் விலை தொட்டியின் விலையைத் தாண்டிவிடும். அதுவும் சூட்டை உங்கள் அறைக்குள்ளேயே கக்கும். முதலில் மண்பானை வழியை முயன்று பாருங்கள். தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்து வலை மூடி போட்டு, நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகக் காற்று அடிக்கும்படி ஒரு சின்ன ஃபேன் மாட்டுங்கள். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். அதில் ஒரு லிட்டர் ஆவியாகிப் போனால், கணக்குப்படி மீதித் தண்ணீரின் சூடு 3 டிகிரி குறையும். வெளியிலிருந்து சூடு ஏறிக்கொண்டே இருப்பதால் முழுப் பலனும் கிடைக்காது. இருந்தாலும், கடற்காற்றின் ஈரம் படிந்த தூத்துக்குடியை விட நம் ஊர் வறண்ட கோடையில் இந்த உபாயம் நன்றாகவே பலிக்கும்.

அதற்கு ஒரு விலை உண்டு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். என் தொட்டியில் சித்திரை மாதம் நாளுக்கு 3 லிட்டர் போகிறது. மூன்று நாள் ஊருக்குப் போய் வந்தால் லிட்டருக்கு 35 கிராம் என்றிருந்த உப்பு 37ஐ நெருங்கியிருக்கும். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி, மட்டம் அதற்குக் கீழே இறங்க இறங்க நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவது புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு.

நல்ல தண்ணீர் என்றால் போர் தண்ணீர் இல்லை. குடிக்கிற ஆர்.ஓ. மெஷின் தண்ணீரும் போதாது. சுவைக்காக அதில் கனிமம் சேர்த்தோ, சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்தோ விடுவார்கள். தண்ணீரில் கரைந்துள்ள உப்பு, கனிமத்தை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அதற்கு ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ஃபில்டர் ஒன்று சேர்க்க வேண்டியிருக்கும்.

ராமேஸ்வரத்துக் கேன் யோசனை வேண்டாம். கரையோரத் தண்ணீரில் படகு டீசலும் சாக்கடையும் கலந்திருக்கலாம். மூடிய கேனில் 170 கிலோமீட்டர் வெயிலில் வரும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்து அழுகும். வாராவாரம் 20 லிட்டர் மாற்ற வேண்டிய தொட்டிக்கு எத்தனை தடவை ராமேஸ்வரம் போவீர்கள்? கடல் மீனுக்கென்று விற்கும் உப்புக் கலவையை வாங்குங்கள், முதல் தடவைக்கு 7 கிலோ பிடிக்கும். தூத்துக்குடிக் கல்லுப்பு சாம்பாருக்கு நல்லது. மீனுக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் அதில் போதாது. கலந்த பிறகு, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.026 காட்டட்டும்.

பவளத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவிலேயே நீர் சூடேறிப் பவளம் வெளுத்துப்போனது. அது தவிர, கல் பவளம், கடல் விசிறி, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. செத்த பவளக் கல்லை ‘அலங்காரத்துக்குத்தானே’ என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். செயற்கைப் பாறை போதும். மீனுக்கு, பண்ணையில் பொரித்த க்ளவுன் மீன் ஒரு ஜோடி. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் இவற்றைப் பொரிக்கும் முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது. மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பாறையில் பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் வரை மீன் விடாதீர்கள். இது கப்பித் தொட்டியில் நீங்கள் பார்த்ததுதான்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை கரண்ட் போகும் நாளை மனதில் வையுங்கள். தண்ணீரைச் சுழற்றும் சின்ன பம்ப் 10, 15 வாட்தான் எடுக்கும். அதை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

மேசைக்கு ஒட்டியே தொட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரில் குமிழி வெடிக்க வெடிக்க, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளி தெறிக்கும். என் அறையில் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஓட்டைகளைச் சுற்றி மாவு தூவியது போல வெள்ளை படிந்திருந்தது. தூசி என்று நினைத்துத் துடைக்காமல் விட்டேன். ஒரு மழை நாள் ராத்திரி அது ஈரம் இழுத்து, ட்ரிப்பர் விழுந்து, விடியும் வரை பம்ப் ஓடவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து நான்கடி தள்ளி வையுங்கள். பிளக்கைத் தொட்டி மட்டத்துக்கு மேலே சுவரில் பொருத்துங்கள். ஒயர் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறிப் பிளக்குக்குப் போகட்டும், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். ஸ்டாண்டோடு சேர்த்து 280 கிலோ வரும், அதனால் பீமை ஒட்டிய சுவரோரம் பாருங்கள். பழைய காலத்து மரக்கட்டைத் தளமாக இருந்தால் இன்ஜினியரைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

ஏசிக்காக நாள் முழுக்கக் கதவு மூடிய அறையில் நீங்கள் விடும் மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து, அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8க்குக் கீழே இறங்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். கொசு மருந்து ஸ்ப்ரேயை அந்த அறையில் அடிக்கவே கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பூச்சியைக் கொல்லும் அதே மருந்து மீனையும் இறாலையும் கொல்லும். அம்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அந்த அறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

வாராவாரம் மாற்றி எடுக்கும் 20 லிட்டரில் 700 கிராம் உப்பு இருக்கும். கப்பித் தொட்டித் தண்ணீரை மாடித் தோட்டத்துக்கு ஊற்றிய பழக்கத்தில் இதையும் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிடாதீர்கள். பாத்ரூம் ஜாலியில் விட்டு, மேலே ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.